ஓடும்போதே அணையும் பழைய பிக்கப்: கோடு ரீடரா, பாகம் மாற்றுவதா, பிரஷர் கேஜா?

இருபத்தைந்து, முப்பது வருடம் ஓடிய பிக்கப் வண்டி சாலையில் மெல்ல இழுவை இழந்து, திணறி, அணைந்து நிற்கிறது. பத்து நிமிடம் கழித்து செல்ஃப் அடித்தால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்புகிறது. ஒர்க்‌ஷாப்பில் விட்டால் அன்றைக்கென்று ஒழுங்காக ஓடும். இப்படி வந்து வந்து போகும் கோளாறுக்கு நான்கு வழி உண்டு. வண்டியின் கம்ப்யூட்டர் பதிவு செய்த கோளாறு எண்களைப் படிக்கும் கோடு ரீடரை மாட்டிப் பார்க்கலாம். சந்தேகப்படும் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போகலாம். பிரஷர் கேஜ், ஸ்பார்க் டெஸ்டர் மாதிரி நாலைந்து கருவி வாங்கி, கோளாறு வரும் நேரத்தில் அளந்து பார்க்கலாம். இல்லையென்றால் மொத்தமாக மெக்கானிக்கிடம் ஒப்படைத்துவிடலாம். பெரும்பாலோர் முதல் இரண்டில் தொடங்கி, கைக்காசு கரைந்த பிறகு மூன்றாவதற்கு வருகிறார்கள். பழைய வண்டிக்கு மூன்றாவதில் தொடங்குவதுதான் மலிவு.

எதைத் தேர்ந்தாலும், கருவியே இல்லாமல் முதலில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: வண்டி எப்படி அணைகிறது என்பதைக் கவனித்து எழுதி வைப்பது.

எப்படி அணைகிறது?

சாவியைத் திருப்பி நிறுத்தியதுபோல் சட்டென்று அணைந்தால் அது பெரும்பாலும் மின்சாரச் சங்கதி: காயில், இக்னிஷன் மாட்யூல், எஞ்சின் சுற்றுவதைக் கவனிக்கும் கிராங்க் சென்சார், இக்னிஷன் சுவிட்ச், மெயின் ரிலே, எர்த். திணறி, குலுங்கி, ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்த இன்னும் மோசமாகி அணைந்தால் பெட்ரோல் போதவில்லை, அல்லது புகை வெளியேற வழியில்லை.

இந்த இரண்டையும் பிரிக்க இன்னொரு சாட்சி ஆர்.பி.எம். முள். வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போது எஞ்சின் அணைந்தாலும் சக்கரம் அதைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அப்போது முள் ஒரே அடியாகப் பூஜ்யத்துக்கு விழுந்தால், எஞ்சின் சுற்றுவது மீட்டருக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். கிராங்க் சென்சார், டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் இருக்கும் பிக்கப் காயில், மாட்யூல், இவற்றுக்குக் கரண்ட் தரும் சுவிட்ச் ஆகியவற்றில் ஒன்று போயிருக்கிறது. வேகம் குறையக் குறைய முள்ளும் சேர்ந்து இறங்கினால் இக்னிஷன் சிக்னல் உயிரோடு இருக்கிறது; பெட்ரோல் பக்கம் போகலாம். காயிலிலிருந்தோ கம்ப்யூட்டரிலிருந்தோ சிக்னல் வாங்கும் மீட்டருக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு. கிளட்சை மிதித்திருந்தாலோ ஆட்டோமேட்டிக் கியர் என்றாலோ எஞ்சின் தானாகவே நின்றுவிடும்; அப்போது முள் ஒன்றும் சொல்லாது.

எந்த நிலையில் வருகிறது என்பதும் பாதி விடை. டேங்க் கால்வாசிக்குக் கீழே போனால் மட்டும் வருகிறதென்றால் பம்ப்பின் அடியிலுள்ள வலை, உறிஞ்சு குழாயில் விரிசல், அல்லது சூடேறும் பம்ப். டேங்குக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிர வைப்பதே அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான். அரை மணி நேரம் ஓடித் திணறும்போது டேங்க் மூடியைத் திறந்தால் உள்ளே காற்று ‘புஸ்’ என்று இழுபட்டு, வண்டி உடனே சரியானால் டேங்கின் காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறது. மூடி மாற்றினாலே தீர்ந்துவிடக்கூடிய கோளாறு இது. மேடு பள்ளத்தில் மட்டும் என்றால் எர்த், சுவிட்ச், கனெக்டர். மழையிலும் ஈரத்திலும் மட்டும் என்றால் பிளக் வயர், டிஸ்ட்ரிப்யூட்டர் கேப். இருட்டில் எஞ்சினை ஓடவிட்டு வயர்கள்மேல் தண்ணீரை லேசாகத் தெளித்தால் நீலப் பொறி கசியும் இடம் கண்ணுக்கே தெரியும்.

நிறுத்தப்போகும்போது மட்டும் அணைவது தனிச் சாதி. ஐடிலிங்கைப் பார்த்துக்கொள்ளும் காற்று வால்வு கரி பிடித்திருக்கலாம், புகையில் கொஞ்சத்தை எஞ்சினுக்கே திருப்பும் ஈ.ஜி.ஆர். வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம், வேக்யூம் ஹோஸ் வெடித்திருக்கலாம். ஆட்டோமேட்டிக் கியர் வண்டி நன்றாகச் சூடேறிய பிறகு, டிரைவில் நிற்கும்போது மட்டும் குலுங்கி அணைந்தால் எஞ்சினை விட்டுவிட்டு கியர்பாக்ஸைப் பாருங்கள். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரின் லாக்-அப் விடுபடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. கிளட்சை மிதிக்காமல் பிரேக் போட்டு நிறுத்தியதுபோலத்தான் அது. லாக்-அப் சொலினாய்டின் கனெக்டரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் அணைவது நின்றுவிடும். இது தெரியாமல் பம்ப், சென்சார் எல்லாம் மாற்றப்பட்ட வண்டிகள் நிறைய.

கோடு ரீடர்: மலிவு, ஆனால் பாதிக் கண்

அமெரிக்காவில் 1996 மாடல் முதல், ஐரோப்பாவில் பெட்ரோல் வண்டிகளுக்கு 2001 முதல் ஓ.பி.டி.-2 (எந்த வண்டியிலும் ஒரே ரீடரை மாட்ட உதவும் பொதுக் கனெக்டர் முறை) கட்டாயம். அதற்கு முந்தைய வண்டியில் மலிவான ரீடர் மாட்டவே முடியாது, ஜி.எம். (ஜெனரல் மோட்டார்ஸ்) வண்டிகளில் கனெக்டரின் ஏ, பி முனைகளை ஒரு வயரால் இணைத்து, செக் எஞ்சின் விளக்கு எத்தனை தடவை சிமிட்டுகிறது என்று எண்ண வேண்டும். எஞ்சின் ஓடாதபோது 12 என்று சிமிட்டுவது கோளாறு இல்லை. எஞ்சின் சுற்றவில்லை, அதனால் சிக்னல் வரவில்லை என்பதுதான் அதன் பொருள். இதைப் பார்த்து டிஸ்ட்ரிப்யூட்டரையே மாற்றியவர்கள் உண்டு.

கோடு ரீடரின் பெரிய குறை வேறு. இருபத்தைந்து, முப்பது வருடப் பழைய பெட்ரோல் வண்டிகள் பலவற்றில் பெட்ரோல் பிரஷரை அளக்கும் சென்சாரே கிடையாது. பம்ப் தளர்ந்தால் கம்ப்யூட்டருக்கு நேரடியாகத் தெரியாது. புகையில் ஆக்சிஜன் கூடியிருப்பதைப் பார்த்து, கலவையில் பெட்ரோல் குறைவு என்று பி0171 போடும். அதைப் படித்தவர் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுவார். சென்சார் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

கோடைவிட லைவ் டேட்டாதான் காசுக்குப் பெறுமானம். அதில் ஃபியூல் டிரிம் என்றொரு எண் வரும். கம்ப்யூட்டர் தன் கணக்குக்கு மேல் எவ்வளவு சதவீதம் பெட்ரோல் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பது அது. பத்துக்கு மேல் போனால் விசாரிக்க வேண்டும். ஐடிலிங்கில் கூடுதலாக இருந்து, 2500 ஆர்.பி.எம்.-இல் இறங்கினால் எங்கோ வேக்யூம் கசிவு. ஐடிலிங்கில் சரியாக இருந்து, மேடு ஏறும்போது மட்டும் எகிறினால் பம்ப், ஃபில்டர், அல்லது அழுக்கான காற்று அளவு சென்சார். வண்டி அணைந்து கிடக்கும்போது செல்ஃப் அடித்துக்கொண்டே லைவ் டேட்டாவில் ஆர்.பி.எம். பார்ப்பதும் நல்ல சோதனை. எஞ்சின் சுற்றும்போது திரையில் பூஜ்யம் என்றால், கோடு பதிவாகாவிட்டாலும் கிராங்க் சென்சாரையும் அதன் வயரையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஆகவே ஓ.பி.டி.-2 வண்டியென்றால் ஒரு மலிவான புளூடூத் ரீடர் வாங்குங்கள். ஆனால் அதையே தீர்ப்பாக எடுக்காதீர்கள். அதற்கு முந்தைய வண்டிக்குச் செலவழிக்க வேண்டிய இடம் இதுவல்ல.

பாகம் மாற்றிப் பார்ப்பது: எதுவரை?

இதை முழுக்கத் தவறென்று சொல்ல முடியாது. ஃபியூல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பிளக், கேப், ரோட்டார், பிளக் வயர் எல்லாம் எப்படியும் தேயும் பாகங்கள். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்றே தெரியாத வண்டியில் கேள்வி கேட்காமல் மாற்றலாம். ஆனால் கழற்றியதைத் தூக்கி எறியாதீர்கள். பழைய ஃபில்டரை, பெட்ரோல் உள்ளே வரும் முனை கீழாக இருக்கும்படி ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் கவிழ்த்துப் பாருங்கள். செம்பழுப்புத் தூள் என்றால் டேங்க் துருப்பிடிக்கிறது. கறுப்புத் துணுக்கு என்றால் ஏதோ ரப்பர் ஹோஸ் கரைகிறது. தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தேங்கித் தெரியும். பிளக்கின் முனை வெளிறியிருந்தால் பெட்ரோல் குறைவு, உலர்ந்த கரி படிந்திருந்தால் அதிகம், பெட்ரோலில் நனைந்திருந்தால் பொறி விழவில்லை.

இந்தப் பட்டியலைத் தாண்டி, சென்சார், மாட்யூல், பம்ப் என்று ஊகத்தில் இறங்கும்போதுதான் இந்த வழி விலை கேட்கிறது. வந்து போகும் கோளாறில் ஊகம் எப்போதும் ஜெயித்ததுபோல் தோன்றும். பாகத்தை மாற்றியதும் நாலு நாள் நன்றாக ஓடும். உண்மையில் அந்த வேலையில் கனெக்டரைக் கழற்றி மாட்டியதில் பச்சை பிடித்த முனை கொஞ்சம் உரசிச் சுத்தமாகியிருக்கும். அந்தச் சுத்தம் போனதும் கோளாறு திரும்பும்; இப்போது கூடவே ஒரு சந்தேகத்துக்குரிய புதிய பாகமும் வண்டியில் இருக்கும். மலிவான சென்சார்கள் டப்பாவிலிருந்து எடுக்கும்போதே கோளாறாக இருப்பது அதிசயமில்லை. வேலை செய்துகொண்டிருந்த பழைய பாகத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் விதிவிலக்கு. 1983-க்குப் பிறகு வந்த பல ஃபோர்டு வண்டிகளில் டி.எஃப்.ஐ. என்னும் இக்னிஷன் மாட்யூலை டிஸ்ட்ரிப்யூட்டரின் உடம்பிலேயே பொருத்தியிருந்தார்கள். எஞ்சின் சூடு நேராக அதில் ஏறி, வண்டி சூட்டில் அணைந்து ஆறியதும் கிளம்பும். பிறகு அதைப் பிரித்து வேறிடத்துக்கு மாற்றினார்கள். உங்கள் வண்டியில் அது பழைய இடத்திலேயே இருந்து, கோளாறும் இதே மாதிரி என்றால் முதல் சந்தேகம் அதன்மேல் வைப்பதில் தப்பில்லை. மாட்டும்போது அடியில் வெப்பம் கடத்தும் கிரீஸைத் தடவ வேண்டும். விட்டுவிட்டால் புதியதும் சீக்கிரம் வெந்துபோகும்.

கேஜ்: கோளாறு வரும்போது அளப்பது

பெட்ரோல் இஞ்செக்‌ஷன் வண்டிக்கு முதலில் வாங்க வேண்டியது ஃபியூல் பிரஷர் கேஜ். இருக்க வேண்டிய அளவு தெரியாமல் மாட்டுவதில் பயனில்லை, ஏனென்றால் வண்டிக்கு வண்டி அது வெகுவாக மாறும். கார்புரேட்டர் வண்டியின் மெக்கானிக்கல் பம்ப்புக்கு 4 முதல் 7 பி.எஸ்.ஐ. (பிரஷரின் அலகு) போதும். திராட்டில் பாடிக்குள்ளேயே இஞ்செக்டர் வைத்த, 1987 முதல் 1995 வரையிலான ஜி.எம். பிக்கப்களுக்கு 9 முதல் 13. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இஞ்செக்டர் உள்ள (போர்ட் இஞ்செக்‌ஷன்) வண்டிகளில் பொதுவாக 35 முதல் 45. 1996-இல் வந்த ஜி.எம். வோர்டெக் வி8 எஞ்சின்களுக்கு 60 முதல் 66. அதில் 55-க்குக் கீழே போனாலே காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். ஒரு வண்டியில் அருமையான அளவு இன்னொன்றில் செத்த பம்ப்புக்குச் சமம். உங்கள் எஞ்சினின் சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு தொடங்குங்கள்.

கேஜைத் தொடுமுன்: எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், இடம் திறந்தவெளியாக இருக்க வேண்டும், பக்கத்தில் பெட்ரோல் தீயை அணைக்கும் சிலிண்டர் வேண்டும். பம்ப்பின் ஃபியூஸையோ ரிலேயையோ உருவிவிட்டு எஞ்சினை அது தானாக நிற்கும்வரை ஓடவிட்டால் லைனில் பிரஷர் இறங்கிவிடும். சூடேறும் பழைய குண்டு பல்பு விளக்கை அருகில் கொண்டுபோகவே கூடாது.

சாவியை ஆன் செய்தால் பம்ப் இரண்டு விநாடி ஓடி நிற்கும். முள் உரிய அளவுக்கு ஏற வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, பிரஷரைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் வேக்யூம் ஹோஸைக் கழற்றினால் 5 முதல் 10 பி.எஸ்.ஐ. கூட வேண்டும். கழற்றிய ஹோஸுக்குள் பெட்ரோல் வாசனையோ ஈரமோ இருந்தால் ரெகுலேட்டரின் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. அங்கேயே நிறுத்தி அதை மாற்றுங்கள். எஞ்சினை அணைத்த பிறகு ஐந்து நிமிடம் பிரஷர் பெருமளவு நிற்க வேண்டும். உடனே சரிந்தால் பம்ப்பின் செக் வால்வு, ரெகுலேட்டர், ஒழுகும் இஞ்செக்டர் மூன்றில் ஒன்று. ஆனால் இது காலையில் நெடுநேரம் செல்ஃப் அடிக்க வைக்கும் கோளாறு. ஓடும்போது அணைவதற்கு இதைக் குற்றம் சொல்லாதீர்கள்.

முக்கியமான அளவீட்டைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஷெட்டில் ஐடிலிங்கில் முள் சரியாக நிற்பதைப் பார்த்து, ‘பம்ப் நன்றாக இருக்கிறது’ என்று மூடிவிடுவார்கள். ஐடிலிங்கில் எஞ்சின் குடிப்பது கொஞ்சம்தான். பம்ப் தள்ளுவதில் பெரும்பகுதி ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்கே திரும்பிவிடும். பாதி தேய்ந்த பம்ப்பும் அந்தக் கொஞ்சத்துக்கு ஈடுகொடுத்து, மேட்டில் ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தும்போதுதான் கைவிடும். ஆகவே நீளமான ஹோஸ் உள்ள கேஜாக வாங்கி, பானெட் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, கண்ணாடிமேல் வைப்பருக்கு அடியில் செருகி, கூட ஒருவரை உட்காரவைத்து ஓட்டுங்கள். ஹோஸ் சூடான எக்ஸாஸ்ட் மேலோ ஃபேன் பக்கமோ படக்கூடாது. கேஜை ஒருபோதும் கேபினுக்குள் கொண்டுவராதீர்கள். ஹோஸ் விட்டால் பெட்ரோல் உங்கள் மடியில். 40 காட்டிய முள் மேட்டில் 25-க்கு இறங்கி, அதே கணம் வண்டி திணறினால் வழக்கு முடிந்தது. திணறும்போதும் முள் 40-இலேயே நின்றால் பம்ப், ஃபில்டர், ரெகுலேட்டர், ரிலே எல்லாம் ஒரே நேரத்தில் சந்தேகப் பட்டியலிலிருந்து நீங்குகின்றன. கேஜின் விலையை இந்த ஒரு ஓட்டமே திருப்பித் தந்துவிடும்.

பிரஷர் குறைவென்று தெரிந்தால், பம்ப் வாங்க ஓடுமுன் இரண்டு சோதனை. ரப்பர் ரிட்டர்ன் ஹோஸை மெதுவாக, ஒரு கணம் மட்டும் நெரியுங்கள். முள் சட்டென்று ஏறினால் பம்ப்புக்கு வலு இருக்கிறது, ரெகுலேட்டர்தான் விட்டுவிடுகிறது. ஏறாவிட்டால் ஃபில்டர் அல்லது பம்ப். அடுத்தது அளவு: பம்ப் ஓடும்போது லைனிலிருந்து பொருத்தமான கேனுக்குள் விட்டால் 30 விநாடியில் சுமார் அரை லிட்டர் வர வேண்டும்.

இன்னொன்று, பம்ப்புக்குப் போதிய கரண்ட் வருகிறதா என்பது. மல்டிமீட்டரை, பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் கனெக்டரில் வையுங்கள். பேட்டரியின் அளவுக்கும் அங்கே வருவதற்கும் வித்தியாசம் 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எர்த் பக்கத்தில் 0.2-க்குள். பம்ப் ஓடாமல் அளந்தால் அரித்துப்போன வயர்கூட 12 வோல்ட் காட்டி ஏமாற்றும். சேஸியில் போல்ட் வைத்து, துருப்பிடித்த எர்த், கரிந்த ரிலே முனை, உருகிய கனெக்டர் இவற்றால் 10 வோல்ட்டில் ஓடும் நல்ல பம்ப் கெட்ட பம்ப் மாதிரியே நடிக்கும். கிளாம்ப் மீட்டர் இருந்தால் ஆம்பியரும் பார்க்கலாம்: போர்ட் இஞ்செக்‌ஷன் பம்ப் பெரும்பாலும் 4 முதல் 8 வரை இழுக்கும். மிகக் குறைவென்றால் பிரஷ் தேய்ந்திருக்கலாம், அதிகமென்றால் பம்ப் இறுகுகிறது அல்லது ஃபில்டர் அடைத்திருக்கிறது.

வண்டி சார்ந்த சில நுணுக்கங்கள் இங்கே உதவும். இரட்டை டேங்க் வண்டியில் கோளாறு வந்ததும் அடுத்த டேங்குக்கு மாற்றிப் பாருங்கள். சரியானால் முதல் டேங்கின் பம்ப். ஆனால் 1980-களின் பின்பாதியில் வந்த இஞ்செக்‌ஷன் ஃபோர்டு எஃப் வரிசையில் டேங்குக்குள் குறைந்த பிரஷர் பம்ப், சேஸியில் இரண்டு டேங்குக்கும் பொதுவான உயர் பிரஷர் பம்ப் என்று இரு கட்டம். அதில் எந்த டேங்கிலும் கோளாறு தொடர்ந்தால் சேஸி பம்ப்பைப் பாருங்கள். ஃபோர்டிலேயே, முன் பயணியின் கால் பக்கத்தில், மோதலின்போது பம்ப்பை நிறுத்தும் இனர்ஷியா சுவிட்ச் ஒன்று உண்டு. பெரிய குழியில் விழுந்தாலும் எகிறிவிடும், மேலுள்ள பட்டனை அமுக்கினால் போதும். அந்தக் காலத்து ஜி.எம். வண்டிகளில் ரிலே கெட்டாலும் ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியாக பம்ப்புக்குக் கரண்ட் போகும். நெடுநேரம் செல்ஃப் அடித்த பிறகே வண்டி கிளம்பினால், ஆயில் பிரஷர் ஏறும்வரை பம்ப் ஓடவில்லை என்று பொருள்: ரிலேயை மாற்றுங்கள்.

பிரஷர் தேறிவிட்டதா? அடுத்தது பொறி. பிளக்கைக் கழற்றி எஞ்சின்மேல் வைத்துப் பார்க்கும் பழைய முறை போதாது. திறந்த காற்றில் சின்னப் பொறி எளிதாகத் தாவும், சிலிண்டருக்குள் அமுக்கத்தில் தாவாது. 25 முதல் 30 ஆயிரம் வோல்ட் கேட்கும் இடைவெளியுள்ள ஸ்பார்க் டெஸ்டர் வேண்டும். பொறி நீலமாக, ‘டப்’ என்று சத்தத்தோடு விழ வேண்டும். இதை வண்டி அணைந்து கிடக்கும் அந்தப் பத்து நிமிடத்துக்குள் செய்ய வேண்டும் என்பதால் டெஸ்டரின் இடம் டேஷ்போர்டுதான், வீட்டுப் பெட்டி அல்ல. பொறி இல்லையென்றால் காயில்மேலும் மாட்யூல்மேலும் ஒவ்வொன்றாக, கனெக்டர் நனையாமல், ஈரத்துணி போட்டு ஆறவிடுங்கள்; எது ஆறியதும் பொறி திரும்புகிறதோ அதுதான் குற்றவாளி. ஷெட்டில் இதைத் தலைகீழாகவும் செய்யலாம்: ஓடும் எஞ்சினில் ஹேர் டிரையரால் ஒரு பாகத்தை மட்டும் சூடாக்கிக் கோளாறை வரவழைப்பது. ஆறிய காயிலில் ஓம் அளந்து ‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்வதற்கு இந்த வகைக் கோளாறில் மதிப்பு குறைவு. வேக்யூம் அட்வான்ஸ் உள்ள, ஹெச்.இ.ஐ. என்னும் ஜி.எம். எலக்ட்ரானிக் இக்னிஷன் டிஸ்ட்ரிப்யூட்டரில் தட்டு அசையும்போதெல்லாம் பிக்கப் காயிலின் இரண்டு மெல்லிய வயர்களும் மடங்கும். வருடக்கணக்கில் மடங்கி, உறைக்குள்ளேயே அறுந்து, ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் அணையும். ஓம் மீட்டரை அதில் மாட்டி (500 முதல் 1500 ஓம் வர வேண்டும்) வயரை ஆட்டிப் பாருங்கள். முள் துள்ளினால் அதுதான்.

பெட்ரோலும் பொறியும் தேறி, வண்டி இன்னும் மேட்டில் மூச்சுத் திணறினால், எஞ்சினின் உறிஞ்சு வலுவை அளக்கும் வேக்யூம் கேஜ். கடல்மட்டத்தில் நல்ல எஞ்சின் ஐடிலிங்கில் பாதரச அளவில் 17 முதல் 22 அங்குலம் காட்டும். 300 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். 2500 ஆர்.பி.எம்.-இல் பிடித்து ஒரு நிமிடம் பாருங்கள். முள் நிலைக்காமல் மெதுவாக இறங்கிக்கொண்டே போனால் எக்ஸாஸ்ட் அடைப்பு. உறுதி செய்ய, முன் ஆக்சிஜன் சென்சாரின் ஓட்டையில் பிரஷர் கேஜ்: ஐடிலிங்கில் 1.5 பி.எஸ்.ஐ.-க்குள், 2500-இல் 3-க்குள் இருக்க வேண்டும். எக்ஸாஸ்டில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சும்மா அடைக்காது. மிஸ்ஃபயரில் எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரிந்து உருக்கியிருக்கும், இல்லையென்றால் எஞ்சின் ஆயில் குடிக்கிறது. அந்தக் காரணத்தை விட்டுவிட்டுக் கன்வெர்ட்டரை மட்டும் மாற்றினால் புதியதும் அடைக்கும்.

டீசல் பிக்கப்பென்றால்

பொறி கிடையாது, சந்தேகம் டீசல், காற்று இரண்டின்மேலும்தான். இங்கே கேஜைவிட மலிவான கருவி, ஒரு முழம் நிறமற்ற ஹோஸ். ஃபில்டருக்கும் இஞ்செக்‌ஷன் பம்ப்புக்கும் நடுவே அதை மாட்டி ஓடவிட்டால் குமிழி ஓடுவது தெரியும். குமிழி வந்தால் டேங்கிலிருந்து பம்ப் வரையிலான உறிஞ்சு பக்கத்தில் எங்கோ ஏர் பிடிக்கிறது: வெடித்த ரப்பர் ஹோஸ், தளர்ந்த கிளிப், ஃபில்டர் தலையின் ஓ-ரிங், கைப்பம்ப். அந்தப் பக்கம் டீசல் வெளியே ஒழுகாமலேயே காற்று உள்ளே போகலாம் என்பதால் கண்ணால் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். குமிழி இல்லாமல் கைப்பம்ப் உள்வாங்கியபடி எழாமல் நின்றால் டேங்கின் வலையோ லைனோ அடைத்திருக்கிறது. ஃபில்டரின் அடி வடிகாலைத் திறந்து தண்ணீரை இறக்குங்கள். சட்டென்று அணைந்தால் இஞ்செக்‌ஷன் பம்ப்பின் ஸ்டாப் சொலினாய்டுக்கு 12 வோல்ட் தொடர்ந்து வருகிறதா என்று டெஸ்ட் லேம்ப் மாட்டிப் பாருங்கள். கறுப்புப் புகையோடு இழுவை போனால் டர்போ ஹோஸ், ஏர் ஃபில்டர், ஈ.ஜி.ஆர்.; புகையே இல்லாமல் இழுவை போனால் டீசல் போதவில்லை. காமன் ரெயில் வண்டியின் உயர் பிரஷர் லைனை மட்டும் கையால் தளர்த்திப் பார்க்காதீர்கள். ஆயிரக்கணக்கான பி.எஸ்.ஐ.; மெல்லிய பீய்ச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

மெக்கானிக்கிடம் எப்போது?

கேஜ் எல்லாவற்றிலும் தேறிய வண்டி இன்னும் அணைந்தால், கம்ப்ரெஷன் குறைவாக இருந்தால், டைமிங் செயின் பல் தாவிய சந்தேகம் வந்தால், காமன் ரெயில் இஞ்செக்டர் அல்லது டீசல் பம்ப் கழற்ற வேண்டியிருந்தால் ஒப்படைப்பதே லாபம். வெறும் ‘நின்னு நின்னு போகுது’ என்று சொல்லிக் கொடுத்தால் அவரும் ஊகத்தில்தான் தொடங்குவார். ‘சூட்டில் மட்டும், மேட்டில் பிரஷர் 42, பொறி இல்லை, முள் பூஜ்யம்’ என்று எழுதிக் கொடுத்தால் அவருடைய முதல் பல மணி நேர வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள்.

பம்ப்தான் என்று முடிவானால்: டேங்கை இறக்குவதா, பெட்டைத் தூக்குவதா?

காரில் இல்லாத வசதி பிக்கப்புக்கு உண்டு. பின்பெட்டு பெரும்பாலும் ஆறு அல்லது எட்டு போல்ட்டில்தான் நிற்கிறது. அவற்றைக் கழற்றி, டேங்க் வாய்க்குழாயின் திருகு, பின்விளக்கு கனெக்டர், பெட்டின் எர்த் வயர் ஆகியவற்றை விடுவித்தால், நாலு பேர் சேர்ந்து பெட்டைப் பின்னால் இரண்டடி நகர்த்தலாம். பம்ப் மேலிருந்து முழுக்கத் தெரியும். டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தாலும் இது முடியும். 80 லிட்டர் என்பது கிட்டத்தட்ட 60 கிலோ. கீழிருந்து ஜாக்கில் தாங்கி, ஆடும் சுமையோடு லைன்களைக் கண்ணில் படாமல் கழற்றுவதைவிட இது எவ்வளவோ மேல். டேங்க் காலியாக இருந்து, ஆளும் துணைக்கு இல்லாமல், பெட்டில் கேனோப்பியோ கருவிப்பெட்டியோ மாட்டியிருந்தால் மட்டும் டேங்கை இறக்குங்கள். பெட் போல்ட்டுகள் துருப்பிடித்திருந்தால் முந்தின நாளே துரு தளர்த்தும் ஆயில் அடித்து வையுங்கள். சிலவற்றின் நட்டு கூண்டோடு சுற்ற ஆரம்பித்தால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். கிரைண்டர் பொறியும் திறந்த டேங்கும் ஒரே இடத்தில் சேரவே கூடாது. வெட்டும் வேலை முழுவதும் பெட்ரோல் லைனைத் தொடுமுன்பே முடிய வேண்டும்.

பம்ப்பை மட்டும் மாற்றுவதா, முழு யூனிட்டையா? தாங்கும் சட்டமும் மிதவையும் நன்றாக இருந்தால் தரமான பம்ப் மட்டும் போதும், பாதி செலவில் முடியும். ஆனால் பம்ப்பையும் சட்டத்தையும் இணைக்கும் குட்டி ஹோஸ், பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கத் தகுந்த எஸ்.ஏ.இ. 30ஆர்10 தரமாக இருக்க வேண்டும். வெளியே போடும் சாதாரண ஃபியூல் ஹோஸை அங்கே மாட்டினால் உள்ளும் புறமும் ஊறி, உப்பி, கொஞ்ச நாளில் பிளந்து, புதிய பம்ப்போடு பழைய கோளாறே திரும்பும். வயர் முனை உருகியிருந்தாலோ சட்டம் துருவில் இளைத்திருந்தாலோ முழு யூனிட்.

பம்ப்பின் மூடியைத் திறக்குமுன் மேல்பக்கத்து மண்ணைத் துடைத்து ஊதிவிடுங்கள். வருடக்கணக்கான சேறு நேராக உள்ளே விழும். வெளியே வந்த பழைய பம்ப்பின் அடி வலையையும் பாருங்கள். அது செம்பழுப்பாக இருந்தால் டேங்கைக் கழுவுவது அல்லது மாற்றுவது இந்த வேலையோடு சேர்ந்தது. புதிய வலை, புதிய ஃபில்டர் போட்டு, கேஜை மறுபடி வைப்பருக்கடியில் செருகி அதே மேட்டில் ஏற்றிப் பார்த்த பிறகு பெட்டின் எல்லாப் போல்ட்டையும் இறுக்குங்கள். அதுவரை முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு போதும்.